டம்ளர் கணக்கு

அன்புள்ள அம்முவுக்கு,

புதன்கிழமை காலை ஊர் வந்து சேர்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் வீட்டில் இருந்த பன்னிரண்டு நாளும், பேரன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்று நீ புலம்புவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி எழுந்ததும் ஒரு டம்ளர் பால். பத்து மணிக்கு ஒன்று. மத்தியானம் தூங்கி எழுந்து ஒன்று. ராத்திரி, சோறுதான் இறங்கவில்லை, பாலாவது போகட்டும் என்று இன்னொன்று. அந்த எவர்சில்வர் டம்ளரை அளந்து பார்த்தேன், 200 மில்லி பிடிக்கிறது. ஆக 800. ரெண்டு வயசுக்கு 500 மில்லிக்குள் போதும். பாலில் கால்சியம் உண்டு, இரும்புச்சத்து இல்லாத மாதிரிதான். இரும்பு குறைந்தால் பசியும் மந்தமாகிவிடும். நடுவில் பிஸ்கட் வேறு. அவனுக்குப் பசியே இல்லை என்கிறாய். பசி வர நீ விட்டால்தானே?

எடையை நினைத்து அழாதே. பிறக்கும்போது 2.9 கிலோ, முதல் பிறந்தநாளுக்கு 8.9, இப்போது 11.2. முதல் வருஷம் மூணு மடங்கான பிள்ளை அதே வேகத்தில் ஏறமாட்டான். இனிமேல் வருஷத்துக்கு ரெண்டு கிலோ ஏறினாலே சரி. எடை குறிக்கும் வளர்ச்சி அட்டையில், சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறான். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ டாக்டரிடம் போ. ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடு. பூச்சி மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் சும்மாவே கொடுக்கிறார்களே, வாங்கினாயா?

அப்புறம் அந்தப் பருப்புத் தண்ணி. மேலாகத் தெளிந்ததை வடித்துச் சோற்றில் ஊற்றுகிறாய், பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. அவன் சாப்பிடுவதே நாலு வாய். அந்த நாலு வாயும் கெட்டியாக இருக்கட்டும். குழையக் கடைந்த பருப்பு, மேலே ஒரு ஸ்பூன் நெய். நெய் மட்டுமே 45 கலோரி. தோசை மாவில் ஒரு முட்டையை அடித்து ஊற்று, முட்டையில் 6 கிராம் புரதம். முருங்கைக்கீரையில் ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழி, கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டும். கடலையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

ஆனால் திணிக்காதே. இதைச் சொல்ல எனக்கு வாயில்லைதான். உனக்கு மூணு வயசில், காலுக்கிடையில் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினேன். ஒருநாள் புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது. உன் அப்பா கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். இன்றைக்கும் கேழ்வரகு வாசனை அடித்தால் நீ எழுந்து போகிறாய். அது என் கைவேலை.

தட்டை வை, செல்போனை அணை. இருபது நிமிஷம் பார். வேண்டாமென்றால் எடுத்துவிடு. அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். முதல் நாலைந்து நாள் அழுவான். உன் மாமியார் ஏதாவது சொல்வார், என் பேரைச் சொல்லிவிடு.

பார்சலில் கடலைப்பொடியும் சத்துமாவும் இருக்கின்றன. மேல் டப்பாவில் இருக்கும் எள்ளுருண்டை உனக்கு. அவன் முன்னால் உட்கார்ந்து நீ தின்னு. வா என்று கூப்பிடாதே. அவனாக வந்து கேட்டால் ஒரு கிள்ளு கொடு.

அம்மா