வில்லன் மேசையில் சதுரங்கப் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவன் நான். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

சினிமாவில் ஒருவர் பெரிய மூளைக்காரர் என்று காட்ட வேண்டுமா, அவர் முன்னால் ஒரு சதுரங்கப் பலகையை வைத்துவிடுகிறார்கள். வில்லன் என்றால் குதிரையைக் கையில் உருட்டிக்கொண்டே பேசுவார், போலீஸ் அதிகாரி என்றால் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஆடுவார். அவ்வளவுதான், அவர் எப்படி யோசிக்கிறார் என்று கதையில் காட்டும் வேலை அதோடு தீர்ந்தது. பலகையைக்கூடப் பல படங்களில் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஆடுபவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் வகுப்பில் நான் சொல்வதே அதைத்தான். அப்புறம் அந்தத் திடீர் செக்மேட்! நிஜத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் தோல்வி வருவதை முன்பே பார்த்து, கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

1977-ல் சத்யஜித் ராய் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி' வேறு மாதிரி. லக்னோவில் இரண்டு பிரபுக்கள் பொழுதன்னைக்கும் சதுரங்கமே கதி என்று கிடக்கிறார்கள், 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்ஜியத்தையே எடுத்துக்கொள்கிறது, அப்போதும் அவர்களுக்கு ஆட்டம்தான் பெரிது. பலகையில் கெட்டிக்காரனாக இருப்பவனுக்கு வீட்டில், ஊரில் நடப்பது தெரியாமலே போகலாம் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் அது.

1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவில் இருக்கும் காய்களை ஐந்து விநாடி காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர், அதாவது தேர்ந்த ஆட்டக்காரர், புதியவரைவிடப் பல மடங்கு சரியாக அடுக்கினார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது அவருக்கும் புதியவருக்கும் வித்தியாசமே இல்லை. வருஷக்கணக்காக ஆடி ஆடிக் கண்ணில் பதிந்த பழக்கம்தான் அது, பிறவியிலேயே வந்த அபார மூளை இல்லை.

இதை நான் பெற்றோரிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "படிப்பில் சுமார்தான் சார், செஸ்ஸில் சேர்த்தால் மூளை வளருமா?" என்று கேட்கிறார்கள். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்ற ஒரு பையன், "எனக்கு அறிவு இல்லை சார்" என்று அழுதுவிட்டுப் போனவன் வரவே இல்லை. தோற்றால் மக்கு என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? நாம் பார்க்கும் படங்களும் படிக்கும் கதைகளும்தான் சொல்லியிருக்கின்றன.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிராதான் என்று பலரும் நினைத்த நிலையில், கூடுதலாக இருந்த ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். ஜெயித்ததும் அந்தப் பதினெட்டு வயதுப் பையன் அழுதான், அழுதுகொண்டே காய்களை மறுபடி அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தான். என் வகுப்பில் அந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
செஸ் பயிற்சியாளர் ஒருவர்,
கும்பகோணம்