வீண் பீதின்னு எழுதினவர் எந்த மாடியில இருக்காரு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேத்து நிலநடுக்கச் செய்தியில கடைசி வரி: "மையம் வெகு தொலைவில் இருந்தும் அடுக்குமாடிவாசிகள் சிலர் வீண் பீதியில் வெளியே ஓடிவந்தனர்." அந்தச் சிலர்ல நானும் ஒருத்தி சார். பதினாலாவது மாடி. ஹால் லைட் ஆடுது, பக்கெட்ல இருந்த தண்ணி அலம்பி அலம்பி வெளிய ஊத்துது, பீரோவோட ஸ்லைடிங் கதவு தானா நகருது, மாமியார் தலை சுத்துதுன்னு பிரஷர் மாத்திரையத் தேடறாங்க. ஆட்டம் நின்னதும் படியில இறங்கி வந்தா செக்யூரிட்டி "ஒண்ணும் தெரியலையேம்மா"ங்கறாரு. தரையில நிக்கறவருக்கு எப்படித் தெரியும்? உங்க நிருபரும் தரையிலதான் நின்னிருப்பாரு போல.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஆனா பேப்பர்ல வரவே மாட்டேங்குதே. படபடன்னு அதிர்ற அலையெல்லாம் கொஞ்ச தூரத்துலயே அடங்கிடும், மெதுவா அசைக்கிற நீண்ட அலைதான் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும். சின்ன வீடு அதைக் கண்டுக்காது. உயரமான கட்டடம் ஒரு தடவ ஆடி வர தோராயமா மாடிக்கு 0.1 செகண்ட்னு கணக்கு, அப்போ 20 மாடின்னா 2 செகண்ட், அலையும் அதே தாளத்துல வந்தா ஊஞ்சல நேரம் பாத்துத் தள்ளுற மாதிரி ஆட்டம் கூடிக்கிட்டே போகும். அடியில களிமண் இருந்தா இன்னும் மோசம். 1985ல மெக்சிகோ சிட்டிக்கு மையம் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, பழைய ஏரிப் படுகை மேல நின்ன ஊரு, அதிகம் அடி வாங்கினது 6லேர்ந்து 15 மாடி வரைக்கும் உள்ள கட்டடங்கதான். 2011ல ஜப்பான்ல 700 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த ஒசாகாவுல 55 மாடிக் கட்டடம் பத்து நிமிஷம் போல ஆடிச்சு, உச்சியில ஒரு மீட்டருக்கு மேல. 2025 மார்ச் 28, மையம் மியான்மர்ல, சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி பாங்காக்ல கட்டிக்கிட்டிருந்த 30 மாடிக்கு மேலான கட்டடமே தரைமட்டம், மொட்டைமாடி நீச்சல் குளத்துத் தண்ணி கொட்டுற வீடியோவ நீங்களும்தான் போட்டீங்க. அதுவும் வீண் பீதியா சார்?

சொல்ல வந்ததால இதையும் சொல்லிடறேன். "நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானம்"னு முதல் பக்கம் முழுக்க விளம்பரம் போடறீங்களே, எந்த விதிப்படி டிசைன் பண்ணாங்க, அடியில மண்ணு என்னன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? எங்க சுவத்துல பீம் ஓரமா விரிசல் விட்டிருக்கு, இன்ஜினியரக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னா அசோசியேஷன்காரர் "பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்"ங்கறாரு. கீழ பார்க்கிங் பூரா வெறும் தூண்தான், சுவரே கிடையாது. 2001 பூஜ் நிலநடுக்கத்துல 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி அகமதாபாத்ல விழுந்த அடுக்குமாடிகள்ல நிறைய இந்த மாதிரி கீழ்த்தளம் திறந்து கிடந்ததுதான். இத நான் முன்னாடியே எழுதி அனுப்பினேன், லிஃப்ட் பத்தின ரெண்டு வரிய மட்டும் போட்டுட்டு மீதிய வெட்டிட்டீங்க. இடப் பற்றாக்குறையாம். ராசிபலனுக்கு மட்டும் எப்பவும் இடம் இருக்கு.

ஜப்பான்ல நீண்ட அலை ஆட்டத்துக்குன்னே நாலு நிலை வச்சிருக்காங்க, 2023லேர்ந்து முன்னெச்சரிக்கையிலயே அதையும் சேத்துச் சொல்றாங்க. அவ்ளோ பெருசா நான் கேக்கல. அடுத்த தடவ செய்தி போடறப்போ மேல் மாடிக்காரங்க ஒருத்தர்கிட்டயாவது கேளுங்க, கூடவே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: ஆடும்போது ஓடாதீங்க, மேஜைக்கு அடியில போங்க, கண்ணாடிய விட்டுத் தள்ளி நில்லுங்க, லிஃப்ட்ல ஏறாதீங்க. நாலே வரி.

இந்தக் கடிதத்தையும் வெட்டணும்னு தோணினா மாமியார் விஷயத்த வெட்டிக்கோங்க, அகமதாபாத்த விட்டு வைங்க.

இப்படிக்கு,
வீண் பீதி அடைந்த வாசகி