வழிகாட்டி நாயை வாசலில் கட்டச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வணிகப் பக்கத்தில் உணவக உரிமையாளர்களுக்குச் சொன்ன ஆலோசனைகளில் ஒரு வரி: "நாயுடன் வருகிறவரிடம் அடையாள அட்டை கேளுங்கள், இல்லையென்றால் நாயை வாசலில் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். கடை உங்களுடையது, முடிவும் உங்களுடையது." மாற்றுத்திறனாளிக்கு உதவப் பயிற்றிய 'உதவி நாயை'க் காரணம் காட்டி அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், லண்டனில் தமிழ்ப் பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் இந்த வரி அச்சேறியதே என்பதுதான் வலிக்கிறது.

முதலில் அட்டை. உதவி நாய்களுக்கென அரசுப் பதிவேடு எதுவும் இந்த நாட்டில் இல்லை. சில தொண்டு நிறுவனங்கள் தாம் பயிற்றிய நாய்களுக்குச் சிறு கையேடு கொடுக்கின்றன. அதைக் காட்டினால்தான் உள்ளே விடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டிலேயே பயிற்றிய நாயும் உதவி நாய்தான். இணையத்தில் காசு கொடுத்தால் அட்டையும் மேலங்கியும் எவருக்கும் கிடைக்கும். ஆகவே அட்டை கேட்கும் கடைக்காரர் ஏமாற்ற வந்தவரை உள்ளே விடுவார், உண்மையில் தேவைப்பட்டவரைத் திருப்பி அனுப்புவார். "இது உங்கள் உதவி நாயா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நாய் விடாமல் குரைத்தால், மேசை மேசையாக மோந்து திரிந்தால், அசுத்தம் செய்தால், கட்டுப்படுத்தச் சொல்லலாம். முடியாவிட்டால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். பார்க்க வேண்டியது அதன் நடத்தையைத்தான்.

அடுத்தது அந்த வாசல். கதிரைகளும் குழந்தை வண்டிகளும் நெருங்கிக் கிடக்கும் சனிக்கிழமை இரவில், நாயை வெளியே விட்டுவந்த பார்வையற்றவரை மேசைக்கு யார் கூட்டிப்போவார்? மலசலகூடத்துக்கு? நீரிழிவுக்காரரின் நாய் என்றால் நிலைமை இன்னும் மோசம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது உடல் மணத்தில் வரும் மாற்றத்தைப் பிடித்து, முழங்காலைச் சுரண்டியோ மூக்கால் இடித்தோ எச்சரிப்பது அதன் வேலை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கட்டிக் கிடக்கும் நாய்க்கு உள்ளே இருப்பவரின் மணம் எப்படி எட்டும்? நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை என்று அந்தக் கட்டுரையாளர் ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

சுகாதாரச் சட்டத்தையும் அவர் துணைக்கு இழுத்திருந்தார். அந்த விதி உணவு தயாரிக்கும், கையாளும், சேமிக்கும் இடங்களுக்குள் வீட்டு விலங்குகள் வராமல் பார்க்கச் சொல்கிறது. சமையலறைக் கதவுக்கு இப்பால், மக்கள் இருந்து சாப்பிடும் இடத்துக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. வந்தவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரிசை உணவு (பஃபே) என்றால், "நான் தட்டில் போட்டுக் கொண்டுவரட்டுமா?" என்று ஒரு பணியாளர் கேட்டால் போதும்.

உணவகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்த விடயத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் உரிமையாளரால் அல்ல. வார இறுதியில் வாசலில் நிற்கும் பகுதிநேரப் பிள்ளைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்காததால்தான். சொல்லிக் கொடுக்க 10 நிமிடம் போதும். வெள்ளைக் கைப்பிடிச் சேணம் என்றால் பார்வையற்றவரின் வழிகாட்டி நாய். சேணத்தில் சிவப்பு வெள்ளைக் கட்டம் இருந்தால் அவருக்குக் கண்ணோடு காதும் சிரமம். கருஞ்சிவப்பு மேலங்கி, காது கேளாதோரின் நாய். எதுவுமே போடாத உதவி நாயும் உண்டு. சுவரோர மேசை கொடுங்கள். நடுவில் ஒற்றைத் தூண்கால் உள்ள மேசைக்கு அடியில் நாய் படுப்பது சிரமம், நாலு மூலையிலும் கால் உள்ளதே நல்லது. நன்கு வளர்ந்த லாப்ரடோர் 30 கிலோ வரும். நீட்டிப் படுத்தால் ஒரு மீற்றருக்கு மேல் இடம் வேண்டும். வால் நடைவழியில் கிடந்தால் சாம்பார் வாளியோடு வருகிறவர் மிதித்துவிடுவார். கைப்பிடியைத் தொடக்கூடாது, நாயைக் கூப்பிடக்கூடாது, வடைத் துண்டு போடக்கூடாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பேசுவதெல்லாம் மனிதரோடு.

நாய்க்குப் பயப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். ஊரில் விசர்நாய்க்கு அஞ்சி வளர்ந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பயப்படும் பணியாளருக்குப் பதில் வேறொருவர் பரிமாறட்டும். ஆனால் பணியாளரின் பயமோ பக்கத்து மேசைக்காரரின் ஒவ்வாமையோ வந்தவரைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது. இரண்டு மேசைகளையும் தள்ளிப் போடுங்கள்.

"முடிவும் உங்களுடையது" என்று நம்பித் திருப்பி அனுப்பும் கடைக்காரருக்கு என்ன நடக்கும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் கவுண்டி நீதிமன்றம் என்ற குடியியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மனம் புண்பட்டதற்கும் நட்டஈடு உண்டு. "வேலைக்கு நின்ற பெடியன் செய்தது" என்று தப்ப முடியாது. அதே சமத்துவச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி முதலாளியே பொறுப்பு. தடுக்க நியாயமான எல்லாம் செய்தேன் என்று காட்டினால்தான் விலக்கு. அதனால்தான் பயிற்சி கொடுத்த திகதியை எழுதிப் பணியாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்கிறேன். மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டும் சகோதரர்களுக்கு இது குற்றவியல் சட்டம்: நாயை ஏற்ற மறுத்தாலும், அதற்கு மேலதிகக் காசு கேட்டாலும் 1,000 பவுண் வரை தண்டம், லைசென்சுக்கும் ஆபத்து. மருத்துவக் காரணம் உள்ளவர் முன்கூட்டியே விலக்குச் சான்று பெற்று, அதற்கான அறிவிப்பைக் காரின் முன்கண்ணாடியில் வைத்திருக்க வேண்டும்.

எழுதத் தொடங்கியதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் விளம்பரப் பக்கங்களில் கல்யாண மண்டபங்கள் "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று போடுகின்றன. "உதவி நாய்கள் தவிர" என்ற மூன்று சொல்லை ஒருமுறையும் கண்டதில்லை. சென்ற ஆண்டு பார்வையற்ற மாணவி ஒருத்தி பட்டம் பெற்ற செய்திக்கு "குருட்டுப் பெண்ணின் சாதனை" என்று தலைப்புப் போட்டீர்கள். அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. கோவில் விழாப் படங்களுக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அந்த வாசல்களில் வழிகாட்டி நாயோடு வருகிறவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று ஒரு பத்தி எழுதியதில்லை. வைரவருக்கு வடைமாலை சாத்தி, அவர் வாகனமான நாயையும் சேர்த்துக் கும்பிடுகிறவர்கள் நாம். 1931இல் வாலசி என்ற ஊரில் இந்த நாட்டின் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் பயிற்சி முடித்துத் தம் மனிதர்களோடு தெருவில் இறங்கின. நம்மில் பெரும்பாலானோர் இங்கே வந்து கடை திறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் தெருக்களில் நடந்தவை அவை.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரி தவறு என்ற திருத்தத்தை அதே வணிகப் பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். பக்கத்தின் கீழ்ப்பாதியில் "உதவி நாய்களுக்கு நல்வரவு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கட்டம் அச்சிடுங்கள். கடைக்காரர்கள் வெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உணவகப் பணியாளர் பயிற்றுநர்,
ஹரோ