மகளின் வலது கைக்காக அலைந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மகள் பிறந்த தனியார் மருத்துவமனையின் மீது அவளுக்காகக் கொடுத்த புகார் மனுவை வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. தீர்ப்பு எப்போது வருமோ, எந்தப் பக்கம் சாயுமோ, யார் கண்டது? நன்றி சொல்ல அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

விவரம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தில் தலை வெளிவந்த பிறகு குழந்தையின் தோள் என் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டது. வெளியே எடுத்தபோது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டு, வலது கை துவண்டுவிட்டது. எர்ப்ஸ் பால்சி என்கிறார்கள். ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி அந்தத் தனியார் மருத்துவமனை எங்களை வீட்டுக்கு அனுப்பியது. பல குழந்தைகளுக்கு அப்படிச் சரியாகிவிடுவதும் உண்மை. எங்கள் மகளுக்கு ஆகவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில், சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்த கையை முதலில் கவனித்தவர் தண்டையார்பேட்டை சுகாதார நிலையச் செவிலியர் அக்கா. நான் அழுதுகொண்டே வழக்கு, வக்கீல் என்று புலம்பியபோது, “அதெல்லாம் அப்புறம். முதலில் ஸ்டான்லிக்குப் போம்மா” என்று அதட்டினார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தெரியாது. மூன்று மாதமாகியும் குழந்தை முழங்கையை மடக்காவிட்டால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும், தள்ளிப்போடப் போடப் பலன் குறையும் என்று அங்கே விளக்கினார்கள். நரம்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது கை தோள் மட்டம் வரை உயர்கிறது. அந்த அதட்டலுக்குக் கோடி நன்றி அக்கா.

அடுத்து, எங்கள் தெருக் கேரம் மன்றத்துப் பெரியவர். உயர் நீதிமன்ற வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். “வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் காகிதத்தைத் தேடு” என்றார். மருத்துவமனையோ டிஸ்சார்ஜ் தாளைத் தவிர எதையும் தர மனமில்லாமல் இழுத்தடித்தது. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்வதைக் குறிப்பிட்டு அவரே விண்ணப்பம் எழுதித் தந்தார். என்னென்ன கேட்க வேண்டும் என்பதைச் செவிலியர் அக்கா சேர்த்தார்: பிரசவ முன்னேற்ற வரைபடம், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, பிறந்தவுடன் எழுதிய குறிப்பு, எனக்கு எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே என்று பெரியவர் சொன்னது என் கணவரைச் சாயங்காலம் வரை அந்த வரவேற்பறையில் உட்கார வைத்தது.

பெரம்பூரில் இருக்கும் ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர் அம்மாவுக்கு நான் நன்றி சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்களுக்குப் பிடித்ததை அவர் சொல்லவில்லை. தோள் சிக்குவதை எல்லா நேரமும் முன்கூட்டி அறிய முடியாது, அது நேர்ந்ததே தவறாகிவிடாது என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மருத்துவமனையிலிருந்து வாங்கிய நகல்களில் இரண்டே பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்தார். ஒன்று, தோள் சிக்கும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், எனக்கிருந்த கர்ப்பகாலச் சர்க்கரையையும் குழந்தையின் எடையையும் பற்றியது. மற்றது, தோள் சிக்கிய பிறகு என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டிய இடம். அது வெறுமையாக இருந்தது. எங்கள் வழக்கே அந்த இரண்டு பக்கங்கள்தான்.

வீடு தேடி வந்து, “கிடைப்பதில் பாதி கொடுத்தால் போதும், கையெழுத்துப் போடுங்கள்” என்ற தரகருக்கு நன்றி கிடையாது. அவரைத் தெருமுனை வரை விரட்டிச் சென்ற மீன்காரப் பெரியம்மாவுக்கு உண்டு. வழக்கில் கிடைப்பதில் பங்கு கேட்கவே கூடாது என்பது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி என்று பிற்பாடு தெரிந்தது. பெரியம்மாவுக்கு அந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆளைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதைச் சொல்லி, அதற்கான 15100 என்ற உதவி எண்ணை என் கைப்பேசியில் பதிந்து கொடுத்தவர் பால்வாடி ஆசிரியை. அந்த வழியில் முதலில் கிடைத்த இளம் வழக்கறிஞர், “நான் பார்ப்பதெல்லாம் வாகன விபத்து வழக்குகள். மருத்துவ வழக்கை எடுத்துக் கெடுக்க மாட்டேன்” என்று வெளிப்படையாகச் சொல்லி, தம்புச்செட்டித் தெருவில் இருக்கும் தம் சீனியர் அம்மையாரிடம் அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வக்கீலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

அந்த அம்மையார்தான் இப்போது எங்கள் வழக்கறிஞர். முதல் நாளே காலக்கெடுவைச் சொன்னார்: நுகர்வோர் சட்டத்தில் இரண்டு ஆண்டு. குழந்தைக்காகப் பெற்றோரும் கேட்கலாம், பணம் வாங்கிச் செய்த சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நாங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் மனுக் கட்டணம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். எவ்வளவு கிடைக்கும் என்று என் கணவர் கேட்டதற்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்து, கண் பரிசோதனை உரிய நேரத்தில் நடக்காததால் பார்வை இழந்த பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது 2015-இல். “கோடியைப் பார்க்காதீர்கள், ஆண்டுகளைப் பாருங்கள். அவ்வளவு நாள் தாங்குவீர்களா?” என்றார். தாங்குவோம் என்றோம். அதன் பிறகே வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார்.

காசிமேட்டில் கணவருக்குப் பதிலாக வேலை பார்த்துக் கொடுத்த நண்பர்கள், நகல் எடுத்ததற்குக் காசு வாங்க மறுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், மூத்தவனுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அத்தை ஆகிய அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

பெரியவர் எழுதித் தந்த விண்ணப்பத்தின் நகல்கள் என் தையல் கடையில் இருக்கின்றன. இதே நிலையில் இருக்கும் எவரும் வந்து வாங்கிக்கொள்ளலாம். மதியம் இரண்டு முதல் நான்கு வரை கடை பூட்டியிருக்கும். அது பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் நேரம்.

நன்றியுடன்,
ஒரு தாய், தண்டையார்பேட்டை