கட்டடத்துக்கு முன்னால் முதல் வேலையைக் கொடுங்கள்: டெல்டா மாவட்ட நிர்வாகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர்களுக்கும், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

தஞ்சாவூரில் மென்பொருள் நிறுவனங்களுக்கான அரசுக் கட்டடமான நியோ டைடல் பூங்கா 2024-இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்த மண்ணில் செம்பு உருக்காலையோ தோல் பதனிடும் ஆலையோ புதிதாக வர முடியாது, வரவும் வேண்டாம். மென்பொருளும் சிறு கருவிகளும் செய்கிற தொழிலுக்கு அந்தச் சட்டத்தால் தடை இல்லை. படித்த பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்தி வைக்கக்கூடிய தொழிலும் அதுதான். ஆனால் இங்கே தொடங்குகிறவர்களுக்கு இன்று குறைவது நாற்காலியோ குளிர்சாதனமோ அல்ல. காசு கொடுத்து வாங்கும் முதல் வாடிக்கையாளர் கிடைப்பதில்லை. டெல்டாவில் அப்படி வாங்கக்கூடிய பெரிய கை அரசுதான். கொள்முதல் நிலையம், மதகு, கூட்டுறவுச் சங்கம், பேரூராட்சி எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன.

நெல்லின் ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடமாட்டார்கள். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் வந்து முட்டிக்கொள்வதால், தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போவதும் நெல் சாலையோரம் குவிந்து கிடப்பதும் வாடிக்கையாகிவிட்டது. கையடக்க ஈரமானிகள் பெரும்பாலும் மின்தேக்கு முறையில், அதாவது ஈரத்துக்கு ஏற்ப மாறும் நெல்லின் மின்பண்பை வைத்து, அளப்பவை. நெல்லின் சூடு, ரகம், கிண்ணத்தில் எவ்வளவு இறுக்கமாக விழுந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும். தூறலில் மேல் உமி மட்டும் நனைந்த நெல்லுக்கும் உள்ளே ஈரம் நிற்கும் நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிடிபடாது. விவசாயி ஓர் எண் சொல்வார், பட்டியல் எழுத்தர் வேறு எண் சொல்வார், சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இதைவிட நம்பகமான கருவியை உள்ளூரிலேயே செய்யலாம். மின்னணுப் பாகங்கள் கஷ்டமில்லை, கஷ்டம் அளவீட்டுத் திருத்தத்தில் இருக்கிறது. கோ 51, ஆடுதுறை 43, சி.ஆர். 1009 என ஒவ்வொரு ரகத்துக்கும் 12 முதல் 24 சதவீதம் வரை ஈரமுள்ள மாதிரிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் அரைத்து, 130 டிகிரி வெப்ப உலர்த்தியில் 2 மணி நேரம் வைத்து, எடை இழப்பைக் கணக்கிட்டு, கருவி காட்டிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகப் பிறந்து இன்று நிஃப்டெம் என்று பெயர் மாறி நிற்கும் நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. அங்கே ஆய்வக நேரமும், ஐந்து கொள்முதல் நிலையங்களில் ஒரு பருவம் முழுக்கத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குவியலிலும் 200 கிராம் எடுத்துக்கொள்ள எழுத்துப்பூர்வ அனுமதியும் கிடைத்தால் போதும். அனுமதி வாய்மொழியாக இருந்தால், கண்காணிப்பாளர் மாறிய மறுநாளே வேலை நின்றுவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது, எவ்வளவு வந்து சேர்கிறது என்று கிளை வாய்க்கால் அளவில் சொல்லும் கருவிகள் வேண்டும். நீர் படாத மீயொலி உணரி, 10 வாட் சூரியத் தகடு, 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி, 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவைப்படாத அலைவரிசையில், குறைந்த மின்சாரத்தில் தொலைதூரத்துக்குத் தரவு அனுப்பும் லோரா அட்டை: இவ்வளவுதான் ஒரு நிலையம். கெடுவது வேறு இடத்தில். உணரிக்கு அடியில் ஆகாயத் தாமரை வந்து அடைத்தால் அதன் இலையையே நீர்மட்டம் என்று படித்து, வாய்க்கால் நிரம்பி ஓடுவதாகச் செய்தி அனுப்பும். உணரியின் வாயில் குளவி கூடு கட்டும். பேட்டரி காணாமல் போகும். வாரம் ஒருமுறை துடைத்துப் பார்க்க அந்த மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கருக்கு உத்தரவும் சிறு தொகையும் கொடுக்காத திட்டம் ஆடி தாண்டாது. தென்னந்தோப்பும் மூங்கிலும் ரேடியோ அலையை விழுங்குவதால், நிலையங்களின் செய்தியைப் பெறும் கருவி உயரத்தில் இருக்க வேண்டும். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதற்கான அனுமதியை ஒவ்வொரு ஊராட்சியிலும் தனித்தனியாகக் கேட்டு அலையும் நிலை இல்லாமல், மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஆணையாகப் போடுங்கள்.

இப்படிப்பட்ட பிரச்சினைகளை ஒவ்வொரு துறையும் ஒரு பக்கத்தில் எழுதி மாசிக்குள் வெளியிட்டால் கோடையில் கருவி தயாராகும், குறுவையில் சோதிக்கலாம், சம்பாவில் திருத்தலாம். ஆகஸ்டில் அறிவித்தால் ஒரு வருஷம் போயிற்று. சோதனைக்கான கொள்முதல் ஆணை 2 முதல் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போதும்: 30 சதவீதம் முன்பணம், நிறுவியதும் 40, பருவம் முடிந்து தரவு கைக்கு வந்ததும் 30. மூன்று வருட விற்றுமுதலும் இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையும் கேட்கும் வழக்கமான படிவம், நேற்று தொடங்கிய நிறுவனத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளிலேயே அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு முன்வைப்புத் தொகையில் விலக்கும், அனுபவ, விற்றுமுதல் நிபந்தனைகளில் தளர்வும் உண்டு. அதே மனசு மாவட்ட அலுவலகங்களுக்கும் வேண்டும்.

பணம் தாமதமாவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் வட்டி கேட்டால் அடுத்த ஆணை வராது என்று பயந்து யாரும் கேட்பதில்லை. நாலு பேர் கொண்ட நிறுவனம் இரண்டு மாதச் சம்பளம் தவறினால், அதில் மூன்று பேர் பெங்களூரு பஸ் ஏறிவிடுவார்கள். கையில் ஒரு கொள்முதல் ஆணை இருந்தால் புதிய நிறுவனங்களுக்குத் தமிழக அரசு தரும் டான்சீட் விதை நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, "யார் வாங்குவார்கள்?" என்ற கேள்விக்கும் அதுவே பதிலாகும்.

இனி கல்லூரிகளுக்கு. மாணவர்களும் தொழில் தொடங்குகிறவர்களும் சந்திக்கும் மாதாந்தரக் கூட்டம் ஒன்று நிலைக்க வேண்டுமானால் நாளும் நேரமும் மாறக் கூடாது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன; மாதம் ஓர் ஊர் என்று சுற்றலாம், திருவாரூர்க்காரர்கள் தஞ்சாவூருக்கு வந்து சேரலாம். மாலை வைத்தால் விடுதி மாணவிகள் வர முடியாது, கடைசி பஸ்ஸைப் பார்த்துப் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை வையுங்கள். இயங்கும் கருவி அல்லது செயலி இரண்டை, செய்தவர்களே காட்டட்டும். பிறகு ஓர் அரிசி ஆலைக்காரரோ, திருபுவனம் நெசவாளரோ, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரரோ தங்கள் தொழிலில் எது இடறுகிறது என்று அரை மணி நேரம் பேசட்டும். குத்துவிளக்கும் பொன்னாடையும் சிறப்பு விருந்தினர் உரையும் தயவுசெய்து வேண்டாம். அவற்றிலேயே காலைப்பொழுது போய்விடுகிறது. வருகைச் சான்றிதழ் கொடுத்து நாற்காலிகளை நிரப்பினால் வேலை செய்கிறவர்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஹேக்கத்தான் எனப்படும் கருவி, செயலி உருவாக்கும் போட்டியின் பரிசையும் அன்றே முழுதாகக் கொடுக்காமல், பாதியை ஆறு வாரம் கழித்து அதே கருவி களத்தில் ஓடினால் கொடுங்கள்.

ஆய்வகங்கள் மாலை 5 மணிக்குப் பூட்டப்படுகின்றன. வாரத்தில் மூன்று நாள் இரவு 9 வரை திறந்து வைத்து, சாலிடரிங் மேசை, அலைக்காட்டி, முப்பரிமாண அச்சு இயந்திரம் ஆகியவற்றை வெளியாட்களும் அடையாள அட்டை காட்டிப் பயன்படுத்த விடுங்கள். அதற்கு ஒரு பொறுப்பாளர் சம்பளமும் உதிரிப் பாகச் செலவும்தான் ஆகும். சாவி துறைத் தலைவரின் மேசைக்குள் இருக்காமல் அந்தப் பொறுப்பாளரின் கையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் இதற்கென ஓர் அலுவலரின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் அறிவித்தால், முதல் பிரச்சினைப் பட்டியலை எழுதித் தர நாங்கள் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறையில் மென்பொருளும் கருவிகளும் செய்யும் சிறு நிறுவனத்தார்