பிள்ளைகளின் கணக்கில் நாம் எழுதும் பிறந்த ஆண்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா சென்ற வாரம் என் அறைக்கு வந்தார். முன்பின் தெரியாத ஒருவன் இரவுதோறும் மகளுக்குச் செய்தி அனுப்புகிறான், அந்தச் சமூக ஊடக நிறுவனம் ஏன் இதைத் தடுக்கவில்லை என்று கேட்டார். கணக்கைத் திறந்து பார்த்தோம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதில் இருபது வயது. "நான்தான் போட்டுக் கொடுத்தேன்" என்று சொல்லி அழுதார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான வயதைப் படிவம் ஏற்பதில்லை. பிள்ளையோ விடாமல் நச்சரிக்கிறது. ஆண்டை மாற்றிப் போட்டுவிடுகிறோம்.

பல தளங்கள் கேட்கும் 13 வயது, பிள்ளைகளின் முதிர்ச்சியை அளந்து வைத்த வரம்பு அல்ல. 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, 13 வயதுக்குட்பட்டவர்களின் சொந்த விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றி இணையத்தில் திரட்டக் கூடாது என்றது. ஒப்புதல் வாங்கும் சிரமத்துக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் சிறுவர்களுக்குக் கதவையே சாத்திவிட்டன. மற்ற நாடுகளில் எண் மாறும். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தந்தன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோருக்கும் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் முக்கியமான சமூக ஊடகத் தளங்களில் 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதையே தடுத்திருக்கிறது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல.

இத்தனை சட்டங்களும் நிறுவனத்தின் தலையில் சுமத்தும் பொறுப்பை, நாம் எழுதும் ஒரு பொய்யான ஆண்டு இறக்கி வைத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து வயதில் 13 என்று பதிந்த பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது, தளத்தின் பார்வையில் 18 ஆகிவிடும். சிறார் கணக்குகளுக்கு இருக்கும் பூட்டுகள் அன்றே திறந்துகொள்ளும். பெரியவர்களுக்கான விளம்பரங்களும், அந்நியர்களின் செய்திகளும் உள்ளே வரும். நம் பிள்ளைக்கு இன்னும் பள்ளிப் படிப்பே முடிந்திருக்காது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வயது தவறாக இருந்தது என்பதால், ஒரு குழந்தையைத் தொந்தரவு செய்தவனின் குற்றம் குறைந்துவிடாது. வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பதற்றத்தில் செய்திகளை அழித்துவிடவும் வேண்டாம், அவைதான் சாட்சி. அனுப்பியவரின் கணக்குப் பெயரும் தேதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். குழந்தையின் ஆபாசப் படம் இருந்தால் மட்டும் நகல் எடுக்காதீர்கள், எங்களுக்குக்கூட அனுப்பாதீர்கள். அதை வைத்திருப்பதும் பகிர்வதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். கருவியை அப்படியே காவல்துறையிடம் கொண்டு செல்லுங்கள்.

இந்த வார இறுதியில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அதன் கணக்குகளைத் திறந்து பாருங்கள். பிறந்த ஆண்டைத் திருத்த முடிந்தால் திருத்துங்கள். வயது போதாது என்று தளம் மறுத்தால், தேவையான செய்திகளைச் சேமித்துக்கொண்டு கணக்கை மூடிவிடுங்கள். பிள்ளை கோபித்துக்கொள்ளும். வருடத்தை மாற்றியது நாம் என்பதை அதனிடம் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவது நல்லது.

உதவி தேவையென்றால், பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் தினமும் என் அறையில் இருப்பேன். தனியாகவும் வரலாம், பிள்ளையோடும் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்