நிறம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நிறக்குருடு உள்ளவர்கள் வாகனம் ஓட்டுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். லேசான, மிதமான குறைபாடு உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் விதியைத் திருத்தியதைக் கட்டுரை வரவேற்றிருப்பது சரியே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவருக்கும், மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்ற இடக்கணக்கு சிக்னலில் கைகொடுத்துவிடுகிறது. வகுப்பறையில் அந்த வசதி இல்லை.

புவியியல் ஆசிரியராக இருந்தபோது, காட்டுக்குச் சிவப்பும் செம்மண்ணுக்குப் பச்சையும் தீட்டிய மாணவன் ஒருவனுக்குக் கவனக்குறைவு என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். பென்சில்களில் அச்சிட்டிருந்த நிறப்பெயர் தேய்ந்துபோனதால்தான் தவறியது என்று அவன் தாயார் வந்து சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. நிறக்குருட்டுக்குக் காரணமான மரபணு பெரும்பாலும், ஆண்களுக்கு ஒன்றே ஒன்று உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடமே இக்குறைபாடு அதிகம். பிறவியிலிருந்தே அப்படிப் பார்ப்பவனுக்குத் தன் பார்வை வேறு என்று எளிதில் தெரிவதுமில்லை. ஆகவே, பாடநூல் வரைபடங்களில் நிறத்தோடு கோடு, புள்ளி போன்ற குறிகளையும் சேர்த்து அச்சிடப் பாடநூல் கழகம் முன்வர வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்